ஹோம்ஸ்கூல் பிள்ளை எந்தெந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பது? பட்டியலை எங்கே தொடங்குவது?

#1 செம்பருத்தி

வணக்கம். டெக்சாஸ் மாநிலம். மகள் 10ஆம் வகுப்பு முடிக்கிறாள், 9ஆம் வகுப்பிலிருந்து வீட்டில்தான் படிப்பு. உயிரியல் அல்லது கணினி அறிவியல் பக்கம் போக ஆசை. இதுவரை கம்யூனிட்டி காலேஜில் ஒரே ஒரு பாடம் முடித்திருக்கிறாள். எஸ்.ஏ.டி. (கல்லூரிச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வு), ஏ.பி. (பள்ளி நாளிலேயே எழுதும் கல்லூரி நிலைப் பாடத் தேர்வு) எதுவும் இன்னும் எழுதவில்லை.

கல்லூரிப் பட்டியல் போட உட்கார்ந்தால் தரவரிசைதான் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறது. ஹோம்ஸ்கூல் பிள்ளைக்கு வேறு கணக்கு உண்டா? எதை முதலில் பார்ப்பது, எத்தனை கல்லூரி போதும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 நூலகவாசி

வேறு கணக்குதான். பள்ளியில் படித்த பிள்ளையின் கோப்பை எடுக்கும் அதிகாரிக்கு அந்தப் பள்ளி ஏற்கெனவே தெரியும். அங்கே 'ஏ' வாங்குவது எவ்வளவு கடினம், போன வருடம் அங்கிருந்து வந்தவர்கள் இங்கே எப்படிப் படித்தார்கள் என்பதெல்லாம் கையில் இருக்கும். உங்கள் மகளின் கோப்பில் அந்த இடம் காலி. அதனால் "எது நல்ல கல்லூரி" என்ற கேள்வியைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். "இந்தக் காலி இடத்தை எதைக் கொண்டு நிரப்பச் சொல்கிறது இந்தக் கல்லூரி, அது நம்மிடம் இருக்கிறதா" என்பதுதான் முதல் சல்லடை. 10ஆம் வகுப்பில் கேட்டது மிக நல்லது. 12இல் கேட்பவர்களுக்கு இந்தச் சல்லடையில் பாதிக் கல்லூரி கொட்டிப் போய்விடும்.

செய்ய வேண்டியது இது. மனதில் உள்ள 25, 30 கல்லூரிகளை ஒரு ஷீட்டில் எழுதுங்கள். ஒவ்வொன்றின் பெயரோடும் 'காமன் டேட்டா செட்' என்று சேர்த்துத் தேடுங்கள். பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் ஒரே படிவத்தில் இதை வெளியிடுகின்றன. அதில் 'சி' பகுதி போதும்:

சி3: பள்ளி முடித்ததற்கு என்ன சான்று வேண்டும். டிப்ளமா கட்டாயம் என்று இருந்தால் பெற்றோர் கையெழுத்திட்ட டிப்ளமா செல்லுமா என்று எழுதிக் கேட்க வேண்டிய கல்லூரி அது.

சி5: எந்தப் பாடம் எத்தனை ஆண்டு. இதில் 'ஆய்வகத்தோடு கூடிய அறிவியல்' என்று தனி வரி உண்டு. ஹோம்ஸ்கூல் கோப்புகள் இடறுவது அதிகமும் இந்த வரியிலும் அந்நிய மொழி வரியிலும்தான்.

சி7: இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். பாடத்தின் கடினம், மதிப்பெண், வகுப்புத் தரவரிசை, தேர்வு, கட்டுரை, பரிந்துரைக் கடிதம், நேர்காணல், மாணவர் காட்டும் ஆர்வம் ஒவ்வொன்றுக்கும் 'மிக முக்கியம்', 'முக்கியம்', 'கருத்தில் கொள்ளப்படும்', 'கொள்ளப்படாது' என்று கட்டம் போட்டிருப்பார்கள். வகுப்புத் தரவரிசை 'மிக முக்கியம்' என்றால் நம்மிடம் இல்லாத ஒன்றை அந்தக் கல்லூரி எடைபோடுகிறது. உடனே நீக்கத் தேவையில்லை. அதற்குப் பதிலாக எதைப் பார்ப்பார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நேர்காணலும் கட்டுரையும் கடிதமும் மேலே இருந்தால் அங்கே ஹோம்ஸ்கூல் பிள்ளைக்குப் பேச இடம் கிடைக்கிறது.

சி8, சி9: தேர்வு விதியும், சேர்ந்தவர்களின் மதிப்பெண் வீச்சும்.

இதை முடித்துவிட்டு அந்தக் கல்லூரியின் தளத்தில் ஹோம்ஸ்கூல் விண்ணப்பதாரருக்கென்று தனிப் பக்கம் இருக்கிறதா பாருங்கள். எம்.ஐ.டி. போன்ற இடங்கள் டிப்ளமாவோ ஜி.இ.டி.யோ (பள்ளிப் படிப்புக்குச் சமமான தேர்வு) தேவையில்லை என்று வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கின்றன. வேறு சில கல்லூரிகள் பாட விவரணை, கூடுதல் தேர்வு, வெளி ஆசிரியர் கடிதம் என்று நீளமாகக் கேட்கும். பக்கமே இல்லை என்றால் உங்கள் பகுதியைக் கவனிக்கும் அட்மிஷன் அதிகாரிக்கு மூன்றே கேள்வி அனுப்புங்கள்: பெற்றோர் தரும் டிரான்ஸ்கிரிப்ட் (பாட, மதிப்பெண் பட்டியல்) போதுமா? தேர்வு விஷயத்தில் ஹோம்ஸ்கூல் மாணவருக்குத் தனி விதி உண்டா? மெரிட் உதவித்தொகைக்கு (குடும்ப வருமானம் பார்க்காமல் தகுதிக்குத் தருவது) பெற்றோர் போட்ட ஜி.பி.ஏ. (சராசரி மதிப்பெண்) கணக்கில் வருமா? பதில் எழுத்தில் வர வேண்டும். தொலைபேசியில் கேட்டது நாளைக்கு நிற்காது.

#3 கணக்கன்

நூலகவாசி சொன்னது முதல் சல்லடை. இரண்டாவது, பணம். தயவுசெய்து இதைக் கடைசிக்குத் தள்ளாதீங்க.

கூட்டரசு மாணவர் உதவி பெறும் கல்லூரிகள் எல்லாம் 2011லிருந்து நெட் பிரைஸ் கால்குலேட்டரை (உதவித்தொகை போக நாம் கட்ட வேண்டியதைத் தோராயமாகச் சொல்வது) தளத்தில் வைத்தாக வேண்டும். அந்த 25, 30 கல்லூரிக்கும் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து போட்டுப் பாருங்க. இரண்டு இடத்தில் இந்தக் கணக்கு தப்பும். சொந்தத் தொழில் இருந்தால் தப்பும். வாடகைக்கு விட்ட வீடு இருந்தால் தப்பும். ஊரில் வாங்கிப்போட்ட மனை, சென்னையில் வாடகைக்கு விட்ட ஃபிளாட் எல்லாம் சொத்துதான். ஃபாஃப்சாவில் (கூட்டரசு உதவிக்கான விண்ணப்பம்) குடியிருக்கும் வீட்டைக் கேட்க மாட்டார்கள், மற்ற நிலம் வீடு எல்லாம் முதலீடாக வரும், எந்த நாட்டில் இருந்தாலும் சரி. சி.எஸ்.எஸ். புரொஃபைல் என்ற கூடுதல் படிவத்தைக் கேட்கும் தனியார் கல்லூரிகள் இன்னும் ஆழமாகத் தோண்டும்.

உங்க மகளுக்கு ஒரு அவசரம் இருக்கு. ஃபாஃப்சா பார்ப்பது கல்லூரியில் சேரும் ஆண்டுக்கு இரண்டு ஆண்டு முந்தைய வருமானத்தை. அதாவது 10ஆம் வகுப்பின் ஜனவரியிலிருந்து 11ஆம் வகுப்பின் டிசம்பர் வரை. இப்போ ஓடிக்கொண்டிருப்பதே அந்த வருஷம்தான். பங்கு விற்கிறது, ஊர் நிலத்தை விற்கிறது மாதிரி எண்ணம் இருந்தால் அந்த ஆண்டில் விழுதா பாருங்க.

காமன் டேட்டா செட்டில் 'ஹெச்' பகுதியையும் விடாதீங்க. ஹெச்2இல் தேவையில் சராசரியாக எத்தனை சதவீதம் கொடுக்கிறார்கள் என்று வரும். ஹெச்2ஏ தேவை இல்லாதவருக்கும் தரும் மெரிட் தொகை: எத்தனை பேருக்கு, சராசரி எவ்வளவு. வருமானம் அதிகம், கையில் சேமிப்பு குறைவு என்கிற குடும்பத்துக்கு ஹெச்2ஏ தான் பட்டியலைத் தீர்மானிக்கும்.

இன்னொன்று, 11ஆம் வகுப்பு அக்டோபரில் எஸ்.ஏ.டி.க்கு முன்னோட்டமான பி.எஸ்.ஏ.டி. இதை எஸ்.ஏ.டி. மாதிரி நாமே பதிந்துகொள்ள முடியாது. ஏதாவது ஒரு பள்ளி இடம் தரணும். மே, ஜூனிலேயே அக்கம்பக்கத்துப் பள்ளிகளின் கவுன்சிலரைக் கேட்டு வையுங்க. செப்டம்பரில் கேட்டால் "மாணவர் எண்ணிக்கை கொடுத்தாச்சு" என்று பதில் வரும். இந்தத் தேர்வை வைத்து நடக்கும் நேஷனல் மெரிட் உதவித்தொகைப் போட்டியில் சுமார் 16,000 பேர் செமிஃபைனலிஸ்ட் ஆகிறார்கள். அலபாமா பல்கலை, யு.டி. டாலஸ் மாதிரி இடங்கள் ஃபைனலிஸ்ட்டுக்குப் பெரிய தொகுப்பு தருகின்றன. அந்த ஒரு தேர்வைத் தவறவிட்டால் பட்டியலின் பணப்பகுதி முழுக்க மாறிப்போகும்.

#4 செம்பருத்தி

நன்றி. இரண்டு சந்தேகம். நிறையக் கல்லூரிகள் டெஸ்ட் ஆப்ஷனல் (தேர்வு மதிப்பெண் அனுப்புவது நம் விருப்பம்) என்கிறார்களே, அவற்றை மட்டும் பட்டியலில் வைத்தால் எஸ்.ஏ.டி. தொல்லை இல்லாமல் போகுமா? இன்னொன்று, அம்மா போட்ட 'ஏ'வை யார் நம்புவார்கள்?

#5 தெற்குக்காற்று

இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான், செம்பருத்தி. வீட்டு மதிப்பெண்ணைத் தனியாக யாரும் எடைபோடுவதில்லை. பக்கத்தில் ஒரு வெளிச்சான்று நின்றால் அதுவும் உயிர் பெறுகிறது. வேதியியலில் வீட்டில் 'ஏ', ஏ.பி. வேதியியலில் 5 என்று இருந்தால் அந்த 'ஏ' மட்டுமல்ல, நீங்கள் போட்ட வரலாற்று 'ஏ'யும் நம்பப்படும். வீட்டில் எல்லாம் 'ஏ', வெளியே ஒன்றுமில்லை என்றால் அது வெறும் காகிதம். வீட்டில் 4.0 போட்டுவிட்டு ஏ.பி.யில் 2 வாங்குவது அதைவிட மோசம், மொத்த டிரான்ஸ்கிரிப்டையும் சாய்த்துவிடும்.

ஆகவே டெஸ்ட் ஆப்ஷனல் என்ற சொல் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு பொருள், நமக்கு வேறு பொருள். சில கல்லூரிகள் பொதுவாக ஆப்ஷனல் என்று சொல்லிவிட்டு ஹோம்ஸ்கூல் மாணவருக்கு மட்டும் மதிப்பெண் கட்டாயம் என்று தனி வரி போட்டிருக்கும். அந்த வரி ஹோம்ஸ்கூல் பக்கத்தின் அடியில் எங்காவது கிடக்கும். அப்படி வரி இல்லாத இடத்திலும் மதிப்பெண் அனுப்பாத ஹோம்ஸ்கூல் கோப்பு மெலிந்துதான் தெரியும். தவிர, போக்கும் திரும்பிவிட்டது: எம்.ஐ.டி. 2022இல் தேர்வைத் திரும்பக் கொண்டுவந்தது. டார்ட்மத், பிரவுன், ஹார்வர்ட், கால்டெக், உங்கள் ஊர் யு.டி. ஆஸ்டின் எல்லாம் 2024இல் அறிவித்தன. ஆப்ஷனல் பட்டியல் என்று இன்று போடுவது அவள் விண்ணப்பிக்கும்போது நிற்குமா என்பது உறுதியில்லை.

எஸ்.ஏ.டி. இப்போது கணினியில், 2 மணி 14 நிமிடம். வீட்டுப் பிள்ளைக்குப் பதிவில் எந்தத் தடையும் இல்லை. பள்ளிக் குறியீடு கேட்கும் இடத்தில் ஹோம்ஸ்கூலுக்கான 970000 போட வேண்டும். 11ஆம் வகுப்பு மார்ச்சில் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று என்று வைத்தால் அக்டோபர் கையிருப்பாக இருக்கும்.

ஏ.பி. கதை வேறு. தேர்வு மே மாதம், ஆனால் பள்ளிகள் தேர்வு ஆர்டர் கொடுப்பது நவம்பர் நடுவிலேயே முடிந்துவிடும். வெளி மாணவரை ஏற்கும் பள்ளியை ஆகஸ்டிலேயே தேடத் தொடங்க வேண்டும், ஐந்தாறு இடத்தில் மறுப்பு வருவது சாதாரணம். தனியார் பள்ளிகளையும் கேளுங்கள். இன்னொரு கண்ணி: பாடத்திட்டத்தை ஏ.பி. நடத்தும் காலேஜ் போர்டிடம் ஆடிட்டுக்கு அனுப்பி ஒப்புதல் வாங்காமல் டிரான்ஸ்கிரிப்டில் 'ஏ.பி. பயாலஜி' என்று எழுதக் கூடாது. 'அட்வான்ஸ்டு பயாலஜி' என்று எழுதி, தேர்வு மதிப்பெண்ணைத் தனி வரியில் காட்டுங்கள். பெற்றோரும் ஆடிட்டுக்கு அனுப்பலாம். நேரம் இருந்தால் செய்யுங்கள்.

எண்ணிக்கை கேட்டால் என் கணிப்பு: எஸ்.ஏ.டி.யோடு, கணிதம், அறிவியல், எழுத்து மூன்றிலும் ஆளுக்கொரு வெளிச்சான்று. நான்காவதாக மொழி இருந்தால் நல்லது. தமிழையே மொழியாகக் காட்டலாம். ஆக்ட்ஃபில் என்ற மொழித் தேர்வு அமைப்பின் வாய்மொழித் தேர்வு தமிழிலும் உண்டு. ஆனால் பட்டியலில் உள்ள கல்லூரி அதை ஏற்குமா என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

#6 கணக்கன்

வெளிச்சான்று என்றதும் எல்லாரும் கம்யூனிட்டி காலேஜ் பாடங்களை அள்ளிப் போடுவார்கள். அதற்கு ஒரு பிரேக் போடணும்.

அந்த மதிப்பெண் அழியாது. 15 வயதில் வாங்கிய 'சி' பின்னால் மருத்துவக் கல்லூரி விண்ணப்பம் வரைக்கும் கூடவே வரும், அங்கே ஜி.பி.ஏ. கணக்கில் பள்ளி நாளில் எடுத்த கல்லூரிப் பாடமும் சேரும். உயிரியல் ஆசை உள்ள பிள்ளை என்பதால் சொல்கிறேன். கல்லூரியில் சேர்ந்த பிறகு உதவித்தொகைக்கான 'திருப்திகரமான முன்னேற்றம்' என்கிற கணக்கிலும் மாற்றி ஏற்றுக்கொள்ளப்பட்ட பாடங்கள் விழும். அதனால் முதல் செமஸ்டர் ஒன்று, அது நன்றாகப் போனால் அடுத்து இரண்டு. ஆழம் பார்த்துத்தான் கால் வைக்கணும்.

பள்ளி முடிக்கும் தேதிக்கு முன்னால் எடுத்த கிரெடிட் எத்தனை இருந்தாலும் பொதுவாக அவள் முதலாண்டு மாணவிதான். பட்டம் கொடுத்த தேதிக்கு அப்புறம் ஒரு முழு செமஸ்டர் படித்தால் பல இடத்தில் டிரான்ஸ்ஃபர் ஆகிவிடுவாள். பெரிய மெரிட் தொகை எல்லாம் முதலாண்டுக்காரருக்குத்தான். டிரான்ஸ்கிரிப்டில் பட்டமளிப்புத் தேதியை நீங்கள்தானே போடுகிறீர்கள், யோசித்துப் போடுங்க.

#7 மலைப்பாதை

டெக்சாஸ் என்பதால் சில விஷயம் சேர்க்கிறேன்.

இங்கே ஹோம்ஸ்கூல் சட்டப்படி தனியார் பள்ளிக்குச் சமம். மாநில உச்ச நீதிமன்றம் 1994இல் லீப்பர் வழக்கில் உறுதிசெய்தது. கல்விச் சட்டம் 51.9241 பிரிவு, அரசுக் கல்லூரிகள் ஹோம்ஸ்கூல் விண்ணப்பதாரரை அரசுப் பள்ளி மாணவரைப் போலவே நடத்த வேண்டும் என்கிறது. முன் மேசையில் யாராவது "ஜி.இ.டி. கொண்டு வா" என்றால் அந்தப் பிரிவு எண்ணைப் பணிவாக மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும்.

ஆனால் சமம் என்பதற்கு ஓர் எல்லை இருக்கிறது. யு.டி. ஆஸ்டினின் தானியங்கிச் சேர்க்கை பள்ளித் தரவரிசையில் மேல் 5 சதவீதத்துக்கு (2026 சேர்க்கையிலிருந்து, அதற்கு முன் 6). ஹோம்ஸ்கூல் பிள்ளைக்குப் பள்ளித் தரவரிசை கிடையாது. ஆகவே அந்தத் தானியங்கி இடத்தை நம்பிப் பட்டியல் போடாதீர்கள். கணினி அறிவியல் என்றால் ஆஸ்டினை 'எட்டிப் பார்க்கும்' (கிடைத்தால் அதிர்ஷ்டம் என்ற) வரிசையில் மட்டுமே வையுங்கள், எஸ்.ஏ.டி. எவ்வளவு உயர்ந்தாலும்.

மாநிலத்துக்குள் நல்ல காப்பு ஒன்று உண்டு. டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளுக்குள் 42 கிரெடிட் மணிநேர 'கோர்' (எல்லாருக்கும் பொதுவான அடிப்படை) பாடத்தொகுப்பு முழுதாக மாற்றிக்கொள்ளப்படும். கம்யூனிட்டி காலேஜில் எடுக்கும் பாடம் அந்தத் தொகுப்பில் இருக்கிறதா, மாநிலப் பொது எண் உள்ளதா என்று பார்த்து எடுத்தால் கிரெடிட் வீணாவது குறையும். அதே பாடங்கள் வெளிமாநிலத் தனியார் கல்லூரியில் பாதிகூட ஏற்கப்படாமல் போகலாம். சேர்க்கைக்கு அவை சான்றாக நிற்கும், கிரெடிட்டாக நிற்காது. இரண்டையும் குழப்பிக்கொண்டு "60 கிரெடிட் இருக்கு, இரண்டு வருஷம் மிச்சம்" என்று பட்ஜெட் போடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

வேறு மாநிலக்காரர்கள் இதைப் படித்தால்: உங்கள் மாநில விதி முற்றிலும் வேறாக இருக்கலாம். நியூயார்க்கில் பள்ளி முடித்ததற்குச் சமமான கல்வி என்று உள்ளூர்ப் பள்ளி மாவட்டக் கண்காணிப்பாளரிடம் கடிதம் வாங்குவது ஒரு வழி, 24 கல்லூரி கிரெடிட் இன்னொரு வழி, ஜி.இ.டி. வேறொரு வழி. இதை 12ஆம் வகுப்பு ஏப்ரலில் கண்டுபிடித்தால் கை பிசைய வேண்டியதுதான்.

#8 பனித்துளி

இழைக்கு நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். கலிஃபோர்னியாவிலும் விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்கு யு.சி. (கலிஃபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகக் குழுமம்) எப்படி? ஹெச்-4 விசாவில் (ஹெச்-1பி போன்ற வேலை விசாக்காரரின் குடும்பத்துக்குத் தருவது) இருக்கும் பிள்ளைகளுக்குப் பட்டியல் மாறுமா?

#9 நூலகவாசி

யு.சி. பற்றி நான் சொல்கிறேன், விசா கணக்கனுக்கு.

யு.சி. சேர்க்கை முடிவுக்கு எஸ்.ஏ.டி.யைப் பார்ப்பதில்லை, அனுப்பினாலும் சரி. அதன் சல்லடை 'ஏ முதல் ஜி வரை' என்ற 15 ஆண்டுப் பாடங்கள். 11 பாடம் 12ஆம் வகுப்புக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். பெற்றோர் வீட்டில் நடத்திய பாடம் இந்தப் பட்டியலில் ஏறாது. ஏறும் முக்கிய வழிகள் மூன்று: யு.சி. ஸ்கவுட் போல ஒப்புதல் பெற்ற இணைய வகுப்பு. சில பாடங்களுக்கு ஏ.பி. தேர்வில் 3 அல்லது மேல். 'சி'க்குக் குறையாமல் முடித்த, யு.சி. ஏற்கும் கல்லூரிப் பாடம். மூன்று செமஸ்டர் யூனிட் கல்லூரிப் பாடம் ஒன்று பள்ளியின் ஓராண்டுக்குச் சமம் என்பதால் இரண்டு ஆண்டில் மொத்த 15ஐயும் கட்டிவிட முடியும். எம்.ஐ.டி.க்குப் போதுமான கோப்பு யு.சி.யின் தகுதிக்கே வராமல் போவது இதனால்தான். கல்லூரியின் தரம் பார்த்து வரிசை போட்டால் இந்த வேறுபாடு கண்ணில் படாது.

வெளிமாநில மாணவருக்கு ஜி.பி.ஏ. எல்லை 3.4 (மாநிலத்தவருக்கு 3.0). கூடுதல் கட்டணத்தைக் குறைக்கத் தேவை அடிப்படையிலான யு.சி. உதவியும் கிடையாது. டெக்சாஸ் குடும்பம் வெறும் பெயருக்காக யு.சி.யைச் சேர்க்க நான் சொல்ல மாட்டேன்.

கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு கதவு: கம்யூனிட்டி காலேஜில் 60 செமஸ்டர் யூனிட் முடித்து டிரான்ஸ்ஃபர். டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆறும் உறுதி ஒப்பந்தம் தருகின்றன, விண்ணப்பிக்கும் மாதம் செப்டம்பர். துறைவாரியாக விதிவிலக்குகள் உண்டு. கணினி அறிவியலுக்கு அந்த ஆண்டின் அட்டவணையைப் பார்க்காமல் நம்பி இறங்காதீர்கள்.

#10 கணக்கன்

ஹெச்-4 என்றால் பட்டியல் தலைகீழாக மாறும். சில விஷயம்.

ஃபாஃப்சா வழி கூட்டரசு உதவி கிடையாது. நேஷனல் மெரிட் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும், கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்துக் குடியுரிமை பெற எண்ணியிருப்பவர்களுக்கும்தான். பல தனியார் கல்லூரிகள் உங்க பிள்ளையை வெளிநாட்டு விண்ணப்பதாரராகவே எண்ணும். 12 வருஷம் இங்கேயே வளர்ந்திருந்தாலும் அப்படித்தான். உதவி கேட்டால் சேர்க்கை வாய்ப்பே குறையும் கல்லூரி எது, குறையாத கல்லூரி எது என்று பிரிக்கணும். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத், போடன் போன்றவை வெளிநாட்டவருக்கும் பண நிலை பார்க்காமல் முடிவெடுப்பவை, ஆனால் எல்லாமே ஊசிமுனை வாசல். அவற்றை வைத்துப் பட்டியல் கட்ட முடியாது.

அடுத்தது மாநிலக் கட்டணம். டெக்சாஸில் பெற்றோர் 12 மாதம் குடியிருப்பை நிலைநாட்டியிருந்தால் ஹெச்-4 பிள்ளையும் உள்மாநிலக் கட்டணம் கோரலாம். மற்ற மாநிலங்களில் விதி வேறு. இங்கே ஹோம்ஸ்கூல்காரருக்கு ஒரு தனிச் சிக்கல்: பள்ளியில் படித்த பிள்ளைக்கு வருகைப் பதிவே குடியிருப்புக்குச் சாட்சி, நமக்கு அது இல்லை. வீட்டு ஒப்பந்தம், வரிப் பத்திரம், நூலக அட்டை, கம்யூனிட்டி காலேஜ் ரசீது எல்லாம் தேதியோடு கோப்பில் சேர்த்து வையுங்க.

கடைசியாக, 21 வயதில் ஹெச்-4 முடியும். எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினால் உள்மாநிலக் கட்டணம் போகக்கூடும். பிறந்தநாள் எந்தச் செமஸ்டரில் விழுது என்று பாருங்க. நாலு வருஷச் செலவைக் கணக்குப் போடும்போது கடைசி ஒன்றரை, இரண்டு வருஷத்தை வெளிமாநில விலையிலும் ஒருமுறை போட்டுப் பார்க்கணும். தாங்காது என்றால் அந்தக் கல்லூரி பட்டியலில் இருக்கக் கூடாது.

#11 தெற்குக்காற்று

எத்தனை கல்லூரி என்ற கேள்விக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை.

காமன் ஆப் (ஒரே விண்ணப்பத்தைப் பல கல்லூரிக்கு அனுப்பும் தளம்) 20 வரை அனுமதிக்கிறது. ஹோம்ஸ்கூலுக்கு எட்டிலிருந்து பத்துக்கு மேல் நான் பரிந்துரைக்க மாட்டேன். கவுன்சிலர் வேலை முழுக்க உங்கள் தலையில்தான் விழும் என்பது காரணம். பள்ளி அறிக்கை, இடையாண்டு அறிக்கை, இறுதி அறிக்கை, கல்லூரிக்குக் கல்லூரி மாறும் கூடுதல் காகிதம் என்று பத்துக் கல்லூரிக்கே கை வலிக்கும்.

பள்ளிப் பிள்ளைகள் 'பொருத்தம்' என்று போடும் வரிசையை அப்படியே எடுக்காதீர்கள். அவர்களுக்குத் தங்கள் பள்ளியிலிருந்து போன வருடம் யார் யாருக்கு இடம் கிடைத்தது என்ற வரைபடம் இருக்கிறது, நமக்கு இல்லை. அதனால் ஒரு படி இறக்கிப் போடுங்கள். எஸ்.ஏ.டி. அந்தக் கல்லூரியின் சி9 வீச்சில் 75ஆம் சதமானத்தை ஒட்டி இருந்து, விண்ணப்பித்தவரில் பாதிக்கு அருகில் சேர்த்துக்கொள்ளும் இடமாகவும் இருந்தால் பொருத்தம். நடுவில் இருந்தால் எட்டிப் பார்ப்பதுதான். 'உறுதி' வரிசைக்கு இரண்டு கல்லூரி: ஹோம்ஸ்கூல் விதி எழுத்தில் கிடைத்திருக்க வேண்டும், கால்குலேட்டர் விலை தாங்க வேண்டும், அங்கே போக அவளுக்கே மனம் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது உறுதி அல்ல. பிறகு நான்கு பொருத்தம், இரண்டு மூன்று எட்டிப் பார்ப்பது.

முடிந்தால் 'உறுதி' இரண்டுக்கும் செப்டம்பரிலேயே அனுப்பிவிடுங்கள். ரோலிங் முறையில் (விண்ணப்பம் வர வர) பார்க்கும் கல்லூரிகள் சில வாரங்களில் பதில் சொல்லும். பெற்றோர் டிரான்ஸ்கிரிப்டை ஒரு கல்லூரி சிக்கலின்றி எடுத்துக்கொண்டதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். குறை இருந்தால் ஜனவரிக்குள் திருத்த நேரம் இருக்கிறது.

எர்லி டிசிஷன் என்ற முன்கூட்டிய விண்ணப்பம் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம், இடம் கிடைத்தால் அங்கேதான் சேர வேண்டும். மாணவர், பெற்றோர், கவுன்சிலர் மூவரும் கையெழுத்திட வேண்டும். நம் வீட்டில் பெற்றோர் இரண்டு இடத்தில் போடுவார். உதவித்தொகைகளை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்றால் அது வேண்டாம். எர்லி ஆக்‌ஷன் அப்படிக் கட்டுப்படுத்தாது, நல்லது; கெடு பெரும்பாலும் நவம்பர் 1 அல்லது 15.

#12 செம்பருத்தி

காகித வேலை என்றதும் பயமாக இருக்கிறது. கல்லூரிக்குக் கல்லூரி என்ன மாறும்? அந்த வேலையைப் பார்த்தும் பட்டியலைக் குறைக்கலாமா?

#13 நூலகவாசி

தாராளமாகக் குறைக்கலாம். ஆனால் முதலில் எல்லோருக்கும் பொதுவானதை ஒரே முறை செய்துவிட்டால் கூடுதல் சுமை எவ்வளவு என்பது தெளிவாகும்.

பொதுவானவை நான்கு. ஒரு பக்க டிரான்ஸ்கிரிப்ட்: பாடம், ஆண்டு, யார் நடத்தியது, கிரெடிட், மதிப்பெண், அடியில் மதிப்பெண் அளவுகோல், கையெழுத்து. ஒரு கிரெடிட் என்பது சுமார் 120 மணிநேரம் என்ற வழக்கமான அளவை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, பள்ளி விவரக்குறிப்பு ஒரு பக்கம்: ஏன் இந்த முறை, எப்படி மதிப்பிட்டோம், வெளியே எங்கெங்கே படித்தாள். மூன்றாவது, பாட விவரணைத் தொகுப்பு. பாடத்துக்கு ஐந்தாறு வரி போதும்: புத்தகம், என்ன எழுதினாள், ஆய்வகத்தில் என்ன செய்தாள், எதை வைத்து மதிப்பெண். இதைப் பாடம் முடிந்த வாரமே எழுதுங்கள். மூன்று வருடம் கழித்துப் புத்தகப் பெயர்கூட நினைவுக்கு வராது. நான்காவது, கவுன்சிலர் கடிதம், நீங்கள் எழுதுவது. இதில் பாராட்டு குறைவாக, சூழ்நிலை விளக்கம் அதிகமாக இருக்கட்டும். அம்மாவின் புகழ்ச்சியை யாரும் எடைபோடுவதில்லை, "தவளை அறுவை முடித்ததும் தானே போய்ச் சதுப்பு நிலத்தில் ஆறு மாதம் எண்ணிக்கை எடுத்தாள்" போன்ற தகவலை எடைபோடுவார்கள்.

மாறுபவைதான் பட்டியலைத் தொடும். ஆசிரியர் கடிதம் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வர வேண்டும். எம்.ஐ.டி. கணிதம் அல்லது அறிவியல் ஆசிரியர் ஒருவர், மொழி, வரலாறு போன்ற கலைப் பாடத்தில் ஒருவர் என இரண்டு கேட்கிறது, விண்ணப்பமும் காமன் ஆப் அல்ல, தனித் தளம். பிரின்ஸ்டன் ஆசிரியர் திருத்தி மதிப்பெண் போட்ட கட்டுரை ஒன்றைக் கேட்கிறது. வெளி ஆசிரியரிடம் எழுத்துப் பாடம் ஒன்றும் எடுக்காத பிள்ளை அங்கே தடுமாறும். யு.சி.யோ பொதுவாகக் கடிதமே கேட்பதில்லை. ஆகவே 11ஆம் வகுப்பில் ஓர் அறிவியல், ஓர் எழுத்துப் பாடம் இரண்டையும் நேரடியாக வகுப்பில் உட்கார்ந்து எடுத்தால், அந்த இரண்டு ஆசிரியர்களின் கடிதம் பட்டியலின் கதவுகளில் முக்கால்வாசியைத் திறந்துவிடும். கம்யூனிட்டி காலேஜில் ஆய்வகத்தோடு கூடிய உயிரியல், அதன்பின் ஆங்கிலக் கட்டுரைப் பாடம் என்று நான் வரிசை போடுவேன். சி5இன் ஆய்வக வரியும் அதிலேயே அடங்கிவிடும்.

காமன் ஆப்பில் ஒரு சிறு கவனம்: கவுன்சிலராக உங்களை அழைக்க மகள் தரும் மின்னஞ்சல் அவளுடையதாக இருக்கக் கூடாது. தனி முகவரி தொடங்குங்கள். அவள் 'சமர்ப்பி' அழுத்தினால் உங்கள் பகுதியும் போய்விட்டது என்று எண்ணாதீர்கள். பள்ளி அறிக்கையை நீங்கள் தனியாக உள்ளே போய்ச் சமர்ப்பிக்க வேண்டும். கெடு முடிந்து பத்து நாளுக்குப் பிறகு கல்லூரியின் போர்ட்டலில் 'பள்ளி அறிக்கை வரவில்லை' என்று சிவப்பாக நிற்பது பெரும்பாலும் இந்தக் காரணத்தால்தான்.

#14 மலைப்பாதை

போர்ட்டல் சிவப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு, நம்மவர்களுக்கென்றே வாய்த்தது: பெயர்.

பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக, எஸ்.ஏ.டி.யில் முதலெழுத்தாக, கம்யூனிட்டி காலேஜில் இரண்டும் சேர்ந்து ஒரே சொல்லாக, வீட்டு டிரான்ஸ்கிரிப்டில் கூப்பிடும் பெயராக என்று நான்கு வடிவம் இருந்தால், நான்கு காகிதமும் நான்கு ஆளுக்குப் போய்ச் சேரும். பள்ளிப் பிள்ளைக்கு இதைப் பள்ளி அலுவலகம் சரிசெய்துவிடும்; நமக்கு அலுவலகம் கிடையாது. அவள் அடுத்த பாடத்துக்கோ எஸ்.ஏ.டி.க்கோ பதிவதற்கு முன்பே பாஸ்போர்ட்டில் உள்ள வடிவத்தை, முன்பெயர் பின்பெயர் வரிசையோடு, ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். எல்லாப் படிவத்திலும் அதேதான். ஏற்கெனவே முடித்த அந்த ஒரு பாடம் வேறு வடிவத்தில் பதிவாகியிருந்தால், இந்தக் கோடையிலேயே அந்தக் கல்லூரியின் ரெஜிஸ்டிரார் அலுவலகத்தில் பெயர் திருத்தப் படிவம் கொடுத்துவிடுங்கள். விண்ணப்பிக்கும்போது அந்த டிரான்ஸ்கிரிப்ட் அங்கிருந்து நேராகப் போகும், உங்கள் கைக்கே வராது.